இரும்பு நகரின் இசைத்தட்டுகள்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர் இலண்டன் மாநகரைப் பார்ப்பர். தேம்ஸ் நதிக்கரையில் உலாவுவர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகிய கலாசாலை நகரங்களுக்கும் ஒருநாட் பிரயாணம் செய்து திரும்புவர். பேர்மிங்ஹாம் நகரில் இறங்கி நின்று பார்ப்போர் சிலரே. "அங்கே என்ன இருக்கிறது? புகையும் இரும்புந்தானே!" என்பது பொதுவான எண்ணம். நாம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அந்நகருக்குச் சென்றது அந்தப் புகையையும் இரும்பையும் தேடியே எனலாம். புகை இன்று இல்லை. இரும்பும் பெரும்பாலும் போய்விட்டது. ஆயினும் அவ்விரும்பினிடையே பிறந்த இசையொன்று மாத்திரம் கறுத்த தட்டுகளிற் பதிந்து உலகெங்கும் சுழன்றுகொண்டிருக்கிறது.

ஹெவி மெற்றல் என்பது அவ்விசையின் பெயர். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'கனத்த உலோகம்' என்றாகும். மின்சாரக் கிற்றார், பேஸ் கிற்றார், மேளத்தொகுதி, உரத்த குரல் ஆகியனவே அதன் அங்கங்கள். பிள்ளைகள் இதனைக் கேட்பதும், "இதென்ன இரைச்சல்!" என்று பெரியோர் முகஞ் சுளிப்பதும் எந்நாட்டு வீடுகளிலும் நிகழ்வன. கேட்கும் பிள்ளைகளுக்கும் முகஞ் சுளிக்கும் பெரியோருக்கும் சேர்த்தே இதனை எழுதுகின்றோம்.

ஆயிரந் தொழில் நகரம்

இலண்டன் யூஸ்ரன் நிலையத்திற் புகையிரதம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற் பேர்மிங்ஹாம் நியூ ஸ்றீற் நிலையத்தை அடையலாம். வண்டியை விட்டு இறங்கி மண்டபத்துக்கு வந்ததும் எம்மை வரவேற்றது ஓர் எருது! பத்து மீற்றர் உயரம், யந்திரத்தால் தலையை அசைக்கும், கண்களை உருட்டும். 2022ஆம் ஆண்டு இந்நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவுக்கென்று செய்யப்பட்டது அது. அவ்விழாவிலே சங்கிலி செய்யும் தொழிலாளப் பெண்கள் அதனை இழுத்து வருவதாகக் காட்டினர். அயலிலுள்ள கிறேட்லி ஹீத் என்னும் ஊரில் 1910ஆம் ஆண்டில் நியாயமான கூலி கேட்டு வேலைநிறுத்தஞ் செய்து வென்ற பெண்களின் நினைவாக அவ்வாறு அமைத்தனராம். எருதுக்கு என்ன பெயர் சூட்டலாம் என்று பொதுமக்களைக் கேட்டபோது, அவர்கள் தெரிந்தெடுத்த பெயர் 'ஓஸி'. அஃது ஒரு பாடகரின் பெயர். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

பேர்மிங்ஹாமுக்கு 'ஆயிரந் தொழில் நகரம்' என்றொரு பழம் பெயருண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் மத்தியூ போல்ரன் என்பவர் இங்கே சோஹோ என்னுமிடத்திற் பெருந் தொழிற்சாலையை நிறுவினார். நீராவி யந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். பொத்தான், பூட்டு, ஆணி, துப்பாக்கி, சங்கிலி என்று உலோகத்தாற் செய்யக்கூடிய யாவும் இங்கும் சுற்றுப்புற ஊர்களிலும் செய்யப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் எழுதிய எஃகுப் பேனா முனைகளிற் பெரும்பாலானவை இந்நகரத்தவையே. நம் பாட்டன்மார் மைக்கூட்டிற் தொட்டு எழுதிய முனைகளிலும் சில இங்கிருந்து வந்திருக்கக் கூடும்.

இரண்டாம் உலக யுத்தத்தில், இத்தொழிற்சாலைகளின் பொருட்டே ஜெர்மானிய விமானங்கள் இந்நகரைத் தாக்கின. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். யுத்தம் முடிந்து பல்லாண்டுகள் வரையில் இடிந்த மனைகளே சிறுவர்களின் விளையாட்டு வெளிகளாயிருந்தன. அத்தகைய வெளிகளையும் ஆலைகளையும் அருகருகே கொண்ட பகுதிதான் அஸ்ரன்.

அஸ்ரன் தெருக்கள்

நகர நடுவிலிருந்து வடகிழக்கே சிறிது தூரத்தில் உள்ளது அஸ்ரன். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்ட அஸ்ரன் ஹோல் என்னும் மாளிகை மேட்டில் நிற்கிறது. அதனருகே வில்லா பார்க் என்னும் பெரிய உதைபந்தாட்ட மைதானம். இவற்றை விட்டு அப்பால் நடந்தால், ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய சிறு செங்கல் வீடுகள் நிரை நிரையாக வருகின்றன. வாயிற்படி தெருவிலேயே இறங்குகிறது. இன்று இத்தெருக்களில் உலகின் பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறியோர் வாழ்கின்றனர். உருளைக்கிழங்கு பொரிக்கும் மணத்தோடு கறிச்சரக்கின் மணமும் கலந்து வந்தது.

1948, 1949 ஆகிய ஈராண்டுகளுக்குள் பிறந்த நான்கு பிள்ளைகள் இத்தெருக்களில் வளர்ந்தனர். ரொனி அயோமி, பில் வோர்ட், ஓஸி ஒஸ்போர்ன், கீஸர் பட்லர் என்போர் அவர்கள். நால்வரும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். ஒஸ்போர்ன் சிலகாலம் இறைச்சிக்கு மாடு அறுக்கும் சாலையில் வேலை செய்தார். மோட்டோர் வண்டிகளுக்கான ஊதுகுழல்களைச் சுருதி பார்க்கும் வேலையையும் செய்தார். பட்லர் கணக்காளர் தொழில் பயின்றார். அயோமி தகட்டு வேலைத் தொழிற்சாலையொன்றில் இரும்பைப் பற்றவைப்பவராக இருந்தார்.

அயோமிக்கு வயது பதினேழு. கிற்றார் வாசிப்பதையே வாழ்வாகக் கொள்வதென்று முடிவுசெய்து, ஒரு குழுவோடு வெளியூர் செல்ல ஒப்புக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் அதுவே அவருக்குக் கடைசி நாள். நண்பகலில் வீட்டுக்கு உணவருந்த வந்தவர், "இனி நான் திரும்பிப் போகவில்லை" என்றார். "ஏற்ற வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா" என்று தாயார் அனுப்பி வைத்தார். எந்தத் தாயும் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைதான். அன்று பிற்பகல், வழக்கமாகத் தகட்டை அழுத்தும் யந்திரத்தில் வேலை செய்பவர் வரவில்லை. அவ்விடத்தில் அயோமியை நிறுத்தினர். யந்திரம் இறங்கியது. வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளும் துண்டிக்கப்பட்டன.

அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே கிற்றாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கையே. இனி வாசிக்க இயலாது என்று வைத்தியர்கள் கூறினர். இளைஞர் மனமுடைந்து வீட்டில் இருந்தார்.

அப்பொழுது, அத்தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் அவரைக் காண வந்தார். கையில் ஓர் இசைத்தட்டு! "இதைக் கேள்" என்றார். கேட்க விருப்பமின்றியே இளைஞர் கேட்டார். நன்றாக வாசிக்கிறாரே என்று வியந்தபோது மேற்பார்வையாளர் உண்மையைச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928ஆம் ஆண்டில் தாம் வாழ்ந்த கூண்டுவண்டி தீப்பற்றியதால் இடக்கையின் இரு விரல்கள் முடங்கியவர் அவர். எஞ்சிய விரல்களைக் கொண்டே ஜாஸ் இசையில் உலகப் புகழ் எய்தியவர்.

அவ்வொரு தட்டு செய்த காரியம் பெரிது. அயோமி எழுந்தார். பாத்திரங் கழுவும் திரவம் வரும் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி உருண்டையாக்கி, விரல் நுனிக்குப் பொருந்துமாறு சூட்டுக் கோலாற் குடைந்து, அரத்தாள் கொண்டு தேய்த்து, பழைய தோற் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை அதன்மேல் ஒட்டினார். தாமே செய்த அவ்விரற் கவசங்களை அணிந்து மீண்டும் பழகினார். தடித்த தந்திகள் நோவைத் தந்தமையால் பான்ஜோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் 1971ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தட்டிலே, தந்திகளின் இழுவிசையைத் தளர்த்திச் சுருதியையும் ஒன்றரைத் தொனி தாழ்த்தினார். அத்தாழ்ந்த சுருதியிற் பிறந்த கனத்த ஓசையே பின்வந்த ஹெவி மெற்றல் குழுக்கள் பலவற்றுக்கு இலக்கணமாயிற்று.

அச்சமூட்டும் சுரம்

நால்வரும் சேர்ந்து அமைத்த குழு முதலில் 'ஏர்த்' என்னும் பெயருடன் வாசித்தது. 1969ஆம் ஆண்டில் ஒரு பழைய பேய்ப்படத்தின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர்: 'பிளக் சபத்'. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டனிலுள்ள ஓர் ஒலிப்பதிவு நிலையத்தில் ஒரே நாளிற் தம் முதல் தட்டைப் பதிந்தனர். 1970 பெப்ரவரி 13ஆந் திகதி, வெள்ளிக்கிழமையன்று, அது வெளியாயிற்று.

அத்தட்டில் ஊசியை வைத்ததும் முதலிற் கேட்பது மழை. பின்னர் இடி, தூரத்தே ஒரு மணியின் ஓசை. அதன்பின் கிற்றாரில் மூன்றே சுரங்கள் மெல்ல விழுகின்றன. பட்லர், ஹோல்ஸ்ற் என்னும் ஆங்கிலச் சங்கீத கர்த்தர் செவ்வாய்க் கிரகத்தின் பெயரால் இயற்றிய உருப்படியை அக்காலத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அதன் சாயலிலேயே அயோமி இம்மூன்று சுரங்களையும் கண்டெடுத்தார். அவற்றிடையே உள்ள இடைவெளியை நம் சங்கீத மாணவர்கள் எளிதில் அறிவர். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தூரமே அது. கல்யாணி இராகத்தில் மற்றைச் சுரங்களின் துணையோடு மங்களமாய் ஒலிக்கும் அதே பிரதி மத்திமம், இங்கே துணையின்றித் தனித்து நின்று நெஞ்சைத் திடுக்கிடச் செய்கிறது. ஐரோப்பியப் பழஞ் சங்கீத நூலார் இவ்விடைவெளிக்குச் 'சங்கீதத்திலுள்ள சாத்தான்' என்று பெயரிட்டிருந்தனர்.

சாத்தான் என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றார் பலர் அஞ்சினர். முதல் தட்டின் மடிப்புறையினுள்ளே தலைகீழான சிலுவையொன்று அச்சிடப்பட்டிருந்தது அவ்வச்சத்தை வளர்த்தது. அது தட்டை வெளியிட்டோர் செய்த அலங்காரம். குழுவினர் அதனை முன்னரே அறியார். ஒஸ்போர்னின் தந்தையார் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் தொழிலாளி. அவர் தம் மகனுக்கும் தோழருக்கும் காப்பாக இருக்கட்டும் என்று உலோகத்திற் சிறு சிலுவைகளைச் செய்து கொடுத்தார். குழுவினர் அவற்றைக் கழுத்தில் அணிந்தே மேடையேறினர். அவர்கள் இரண்டாம் தட்டின் முதற் பாடலோ, வறியோரைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாம் பின்னே ஒளிந்து நிற்கும் தலைவர்களைச் சாடுவது. இசையின் இருளை மாத்திரம் கண்டு அதன் பொருளைக் காணாதோர் அந்நாளிலும் பலர், இந்நாளிலும் பலர்.

அயலூர்களும் இதில் பின்னிற்கவில்லை. வெஸ்ற் புரொம்விச் பகுதியிலிருந்து எழுந்த ஜூடாஸ் பிறீஸ்ற் என்னும் குழு, 1980ஆம் ஆண்டில் 'பிரிட்டிஷ் ஸ்ரீல்' என்ற பெயரிலேயே ஒரு தட்டை வெளியிட்டது. நாடெங்கும் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்த ஆண்டு அது. அத்தட்டில் உலோக வீரர்களின் காலடியோசை வேண்டியிருந்தபோது, கரண்டியும் கத்தியும் நிறைந்த தட்டத்தைக் குலுக்கி ஒலிப்பதிவு செய்தனராம். இரும்பு நகரத்துப் பிள்ளைகளுக்கு வாத்தியத்துக்கா பஞ்சம்!

கறுத்த தட்டின் உள்ளே

இனி அத்தட்டுகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். பன்னிரண்டு அங்குலம் குறுக்களவு. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொன்றும் சுற்றுகள். இவ்வகை நீண்ட தட்டு 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. முந்திய தட்டுகள் அரக்கால் ஆனவை, விழுந்தால் நொறுங்கும். இவை வைனில் என்னும் பிளாஸ்ரிக்கால் ஆனவை.

உழவன் நிலத்தில் இடும் சால் போல, தட்டின் விளிம்பிலிருந்து நடுநோக்கி ஒரே சால் சுருண்டு செல்கிறது. ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடுமாயின், அச்சாலை நீட்டிப் பிடித்தால் நானூறு மீற்றருக்குக் குறையாது. சாலின் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளே ஓசை. தாழ்ந்த சுரங்களுக்கு நெளிவு அகலமாக வேண்டும். ஆகவே ஹெவி மெற்றல் போன்ற கனத்த இசைக்குத் தட்டில் இடம் மிகுதியாகத் தேவை. இசையை உரக்கப் பதிந்தால் நேரம் குறையும். நேரத்தை நீட்டினால் ஓசை மெலியும். இவ்விரண்டையும் சமன்செய்து மூலத்தட்டை வெட்டுவோர் தம் தொழிலிற் கைதேர்ந்தவர்களாக இருத்தல் வேண்டும்.

மூலத்தட்டின்மேல் உலோகத்தைப் படியவைத்து அச்சு எடுப்பர். அவ்வச்சுகளிரண்டின் நடுவே சூடேறிய வைனிற் கட்டியை வைத்து நூறு தொன்னுக்கு மேற்பட்ட விசையால் அழுத்துவர். அரை நிமிட அளவில் ஒரு தட்டு உருவாகிவிடும். அயோமியின் விரலைக் கொய்ததும் அழுத்தும் யந்திரம். அவருடைய இசையைப் பல்லாயிரமாய்ப் பெருக்கியதும் அழுத்தும் யந்திரமே.

பிளக் சபத்தின் முதல் தட்டு வேர்ட்டிகோ என்ற அடையாளத்துடன் வந்தது. அதன் முதற்பக்கத்து நடுவட்டத்தில் எழுத்தில்லை. கறுப்பும் வெள்ளையுமான சுழி மாத்திரம் வட்டம் முழுவதையும் நிறைத்திருக்கும். தட்டுச் சுழலும்போது அச்சுழி நம்மை உள்ளே இழுப்பது போலத் தோன்றும். 1973ஆம் ஆண்டளவில் சுழியை நீக்கி வேறு சித்திரத்தை அமைத்தனர். ஆகவே சுழியுள்ள தட்டு எனின் ஆரம்பகாலத்தது என்று சேகரிப்போர் அறிவர். உறையில் 'விஓ 6' என்ற இலக்கம் உண்டா, மடிப்புறை கிழியாதிருக்கிறதா, சால் முடியும் வெற்றிடத்திற் பொறித்துள்ள எழுத்துகள் எவை என்று பூதக்கண்ணாடி கொண்டு நோக்குவர். எல்லாம் பொருந்தி, கீறலுமின்றி இருப்பின் ஒரு தட்டே சில நூறு பவுண் பெறும்.

கடையிற் கண்டது

பேர்மிங்ஹாமில் இசைத்தட்டு வாணிகம் பழையது. டிஸ்கரி என்னும் கடை 1952ஆம் ஆண்டிலேயே இங்கு தொடங்கப்பட்டது. நாம் சென்றது, சந்தையை அடுத்த பக்கத்தெரு ஒன்றில் உள்ள சிறிய கடை. உள்ளே பழங்கடதாசியின் மணம். நிலத்திலிருந்து கூரை வரையில் தட்டுகள். தலை நரைத்த கடைக்காரர் தேநீர்க் கோப்பையை ஒரு கையிற் பிடித்தபடி, மறுகையால் ஒரு பெட்டியிலிருந்த தட்டுகளை எடுத்து வெளிச்சத்திற் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கொண்டுவந்தவர் எதிரே நின்ற முதியவர். வீட்டை விட்டு, மகளின் இல்லத்துச் சிற்றறைக்குக் குடிபோகிறாராம். நாற்பது ஆண்டு மோட்டோர் தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

அப்பெட்டியில் சுழியுள்ள அந்த முதல் தட்டும் இருந்தது. கடைக்காரரின் முகம் மலர்ந்தது. பின்னர் சிறிது வாடிற்று. நடுவட்டத்தின் ஓரத்தில் நீல மையினால் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. முதற் பக்கத்தில் ஒரு கீறலும் இருந்தது.

"பெயர் எழுதாதிருந்தால் இதன் விலை மூன்று மடங்கு" என்றார் கடைக்காரர்.

"எழுதியவன் என் தம்பி" என்றார் முதியவர். "அந்நாளில் விருந்துகளுக்குத் தட்டுகளைக் கொண்டு போவோம். பெயர் எழுதாவிட்டால் திரும்பி வராது. கீறலும் அவனுடையதே, அந்தப் பாட்டுக்கு அவன் ஆடாத நாளில்லை. இப்பொழுது அவன் இல்லை."

கடைக்காரர் வேறொன்றும் பேசாமல் ஒரு விலையைச் சொன்னார். முதியவர் சற்றே நின்று, தலையசைத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். தட்டை மீண்டும் கையில் எடுத்துப் பார்க்கவுமில்லை. விலையைக் கூட்டிக் கேட்கவுமில்லை.

அவர் போக முன்னரே, அடுத்த நிரையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். பொறியியல் பயிலும் பல்கலைக்கழக மாணவி. பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பாட்டனார் ஸ்மெதிக் என்ற ஊரில் இரும்பு வார்ப்புச்சாலையில் உழைத்தவராம். நெடுநாளாக அத்தட்டைத் தேடுவதாகவும் நல்ல பிரதியின் விலை தமக்கு எட்டாதென்றும் கூறினார். கடைக்காரர் தம் இலாபத்தைச் சிறிது சேர்த்து ஒரு தொகை சொன்னார். பெண் பையைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். பின்னர் முதியவரிடம் திரும்பி, "ஐயா, அந்தப் பெயரை அழிக்க மாட்டேன்" என்றார்.

முதியவர் முதன்முறையாகப் புன்னகை செய்தார். "அழிக்காதே. ஆனால் இரவல் கொடுத்தால் உன் பெயரையும் எழுதி வை" என்றார்.

இதனைக் கண்டபின் எம் மனத்தில் ஓர் எண்ணம் ஓடிற்று. சேகரிப்போருள் இருவகையினர் உளர். ஒருவகையினர் தட்டை உறை பிரியாமற் பேழையிற் பூட்டி, விலையேற்றத்தைப் பார்த்திருப்பர். அவர்கள் கையிற் தட்டு வெறும் பண்டமாகிவிடும். மற்றவர் அதனைச் சுழலவிட்டுக் கேட்பர்; பிறருக்கும் கொடுப்பர்; தேய்வையும் ஏற்றுக்கொள்வர். தொழிற்சாலை மேற்பார்வையாளர் தம் தட்டைப் பேழையிற் பூட்டி வைத்திருப்பின், ஓர் இளைஞர் தம் கிற்றாரை மீண்டும் எடுத்திருப்பாரா? இவ்விசையின் பிறப்பே கைமாறிய ஒரு தட்டினால் நேர்ந்ததன்றோ?

போனவையும் நின்றவையும்

அந்நகரிற் போனவை பல. அஸ்ரனில் மது வடித்த பெருஞ்சாலை 1981ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எச்.பி. என்னும் பெயர்பெற்ற சாற்றைச் செய்த ஆலை 2007ஆம் ஆண்டில் மூடப்பட்டு, வேலை நெதர்லாந்துக்குப் போயிற்று. லோங்பிரிட்ஜ் மோட்டோர் தொழிற்சாலை 2005ஆம் ஆண்டில் வீழ்ந்தது. 2023ஆம் ஆண்டிலே மாநகர சபையே தன் கணக்கைச் சமன்செய்ய இயலாதென்று அறிவித்தது. புகையிரத நிலையத்துக்கு அண்மையில் ஸ்ரேஷன் ஸ்றீற் என்ற தெருவிலே 'கிறௌன்' என்னும் பழைய மதுச்சாலைக் கட்டடம் உண்டு. அதன் மேல்மாடியில் ஜிம் சிம்சன் என்பவர் நடத்திய இசைக்கூடத்திலேயே நம் நால்வரும் ஆரம்பத்தில் வாசித்தனர். அது 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அத்தெருவைக் காப்பாற்ற வேண்டுமென்று மக்கள் ஓர் இயக்கமே நடத்தினர்.

தட்டும் ஒருகாலத்தில் இப்படியே போகும் என்று கருதப்பட்டது. முதலில் ஒலிநாடா வந்தது, பின் குறுந்தட்டு, பின் கணினி வழியே கேட்கும் வசதி. 2007ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் விற்ற புதிய வைனில் நீண்டதட்டுகள் இரண்டு இலட்சமளவே. 2024ஆம் ஆண்டிலோ அத்தொகை அறுபத்தேழு இலட்சமளவுக்கு உயர்ந்தது. 2023ஆம் ஆண்டில் மெற்றாலிகா என்னும் அமெரிக்க ஹெவி மெற்றல் குழு, தட்டு அழுத்தும் தொழிற்சாலையொன்றின் பெரும்பங்கையே விலைக்கு வாங்கிற்று. விரல் தொட்டவுடன் எப்பாட்டும் கேட்கும் இக்காலத்தில், ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்பிப் போடும் சிரமத்தை இளையோர் விரும்பித் தேடுகின்றனர். தட்டை எடுத்து, துடைத்து, ஊசியை வைத்து, உட்கார்ந்து கேட்பவருக்கு இசை ஒரு வேலையின் பயனாகக் கிட்டுகிறது. உழைத்துப் பெற்றதில் மனம் ஊன்றுவது இயல்பே.

புரோட் ஸ்றீற்றிற் கால்வாயைக் கடக்கும் பாலத்துக்கு இன்று பிளக் சபத் பாலம் என்றே பெயர். 2019ஆம் ஆண்டில் அங்கு ஓர் உலோக இருக்கையை அமைத்தனர். நால்வரின் முகங்களும் அதன்மேல் நிற்கின்றன. 1968இல் பேர்மிங்ஹாமிற் செய்யப்பட்டது என்று, பூட்டுக்கும் சங்கிலிக்கும் முத்திரை குத்துவது போலவே அதிற் பொறித்துள்ளனர்.

2025 ஜூலை 5ஆந் திகதி, தாம் வளர்ந்த அஸ்ரனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் அந்நால்வரும் இறுதியாக ஒன்றுகூடி வாசித்தனர். நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். பார்க்கின்சன் நோயினால் நடக்க இயலாத ஒஸ்போர்ன், கறுத்த சிம்மாசனமொன்றில் அமர்ந்தே பாடினார். வருவாய் அந்நோய்க்கு மருந்து காணும் முயற்சிக்கும், பேர்மிங்ஹாம் சிறுவர் வைத்தியசாலைக்கும், தீராநோயுற்ற பிள்ளைகளைப் பேணும் இல்லத்துக்கும் உரியதென அறிவிக்கப்பட்டிருந்தது. பதினேழு நாட்களின் பின், ஜூலை 22ஆந் திகதி, அவர் தமது எழுபத்தாறாம் வயதிற் காலமானார். அவருடைய பூதவுடலைத் தாங்கிய வண்டி அப்பாலத்தில் நின்று சென்றது. ஆயிரக்கணக்கானோர் வீதியின் இருமருங்கும் நின்றனர். நாம் சென்ற ஒக்டோபரிலும் அவ்விருக்கையின் அடியிற் சில மலர்க்கொத்துகள் இருந்தன. அருகே நின்ற ஒரு தந்தையார் தம் சிறு மகனை இருக்கையில் ஏற்றி, நான்கு முகங்களையும் சுட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொடுத்தார்.

யந்திரங்கள் நின்றுவிட்ட நகரம் தன் ஓசையை மாத்திரம் இழக்கவில்லை. ஆலையில் உழைத்தோர் அனுபவித்த பாரமும் சலிப்பும் வலியும், அவற்றுக்குப் பணியாத ஊக்கமும் அத்தட்டுகளின் சாலில் உறைந்து கிடக்கின்றன. பேர்மிங்ஹாமை ஒருநாளும் காணாத பிள்ளைகளும் அவ்வோசையைத் தமதென்று உணர்வது இதனாலேயே. பாரமில்லாத வாழ்வு எந்நாட்டில் உண்டு?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எவ்வகை இசையாயினும், ஒரு தட்டின் ஒரு பக்கத்தையேனும் இடையில் நிறுத்தாமல் முழுவதும் கேட்டுப் பழகுங்கள். பெரியோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கேட்கும் பாட்டு இரைச்சலாகத் தோன்றினால், கதவைச் சாத்துமுன் அருகே அமர்ந்து, அது எங்கே பிறந்தது, எதனைச் சொல்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். நாதஸ்வரமோ, பக்திப் பாடலோ, பழைய நாடகப் பாட்டோ பதிந்த தட்டுகள் உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கக்கூடும். அவற்றின் தூசியைத் துடைத்து, அவை வீட்டுக்கு வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் கையிற் கொடுங்கள். கீறல் விழுமே என்று அஞ்ச வேண்டியதில்லை.